அப்பாவின் தலை எந்தப் பக்கம்

செத்துப் புதைத்து இருபத்திரண்டு வருடமான ஒருவரைத் தோண்டித் திருப்பிப் படுக்க வைக்கப் போகிறோம், மூத்த பிள்ளை நீங்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கடிதம் வந்தால் யாருக்குமே சந்தேகம் வரும். எனக்கு உறையைப் பிரிப்பதற்கு முன்பே வந்துவிட்டது. என் தம்பி தேவராஜ் கிறிஸ்துமஸுக்கு மட்டும் எழுதுகிறவன். இது ஜூலை மாதம்.

கடிதத்தில் இருந்த விஷயம் இதுதான். ஏற்காட்டு மலையில் செம்மநத்தம் போகிற வழியில் எங்கள் பழைய சபையின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் மேற்கே தலை, கிழக்கே கால். ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார், எக்காளம் ஊதியதும் எழுந்து உட்கார்ந்தால் நேரே அவர் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. தலைமாட்டில் சிலுவை நிற்கும். எங்கள் அப்பாவுக்கு மட்டும் சிலுவை கிழக்கே நிற்கிறது. அப்படியென்றால் தலையும் கிழக்கே. எழும்போது ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுவார். வருகை மிகவும் சமீபம், அதற்குள் திருப்பியாக வேண்டும் என்று எழுதியிருந்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடல் தாண்டிப் போய்க் கிள்ளானில் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு இருபத்து நான்கு வருடமாகக் காலத்தை ஓட்டுகிறேன். எனக்குத் தோன்றியது வேறு. மலையில் பங்களா கட்டுகிறவர்கள் நிலத்துக்கு அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுடையது ஓரத்தில், ரோட்டைப் பார்த்தது என்று முன்பு ஒரு கடிதத்தில் அவனே எழுதியிருந்தான். முதலில் திருப்பி வைப்பார்கள், பிறகு கொஞ்சம் தள்ளி வைப்பார்கள், அப்புறம் இடம் காலியாகிவிடும்.

என் வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "உன் தம்பிக்குப் பைத்தியமா, திருட்டுப் புத்தியா, ரெண்டுல எதுன்னு போய்ப் பாத்துட்டு வந்துரு" என்றார். அப்படித்தான் கிளம்பினேன்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு தட்டுவடை செட் வாங்கித் தின்றேன். நடுவில் பீட்ரூட் துருவல், கார சட்னி, இரண்டு பக்கமும் நொறுங்குகிற தட்டை. கிள்ளானில் எது கிடைத்தாலும் இது கிடைக்காது. தின்றுகொண்டே பெட்டியை இரண்டு கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் என் பெட்டியையே பார்ப்பது போல இருந்தது. அவர் பார்த்தது பின்னால் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரை.

மெயின் ரோட்டில் மண் சரிந்துவிட்டதால் பஸ் குப்பனூர் வழியாகப் போகும் என்றார் கண்டக்டர். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. குப்பனூர் தாண்டி ஏற ஆரம்பித்ததும் ரோடு ஒரு முழம் குறைந்தது போலாகிவிட்டது. நாலாவது வளைவில் இன்ஜின் புகைந்து நின்றது. கிளீனர் குதித்து டயருக்குக் கல் வைத்தார். எல்லோரும் இறங்கி ரேடியேட்டர் ஆறுகிற வரைக்கும் நின்றோம்.

என் பக்கத்து சீட்டுக்காரம்மா காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். கூடையில் மலைக்கு மேலே கிடைக்காத கத்தரிக்காய். எங்கிருந்து வருகிறேன், எதற்கு வருகிறேன் என்று கேட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, பாதியைச் சொன்னேன். மீதியை அவரே கேட்டு வாங்கிவிட்டார்.

"ஏனுங்க, அதுக்கா கடல் தாண்டி வந்தீங்க? நாங்க தெக்க தலைய வெச்சு எரிச்சுட்டு வந்துருவமுங்க. அப்பறம் அவிய எந்தப் பக்கம் பாத்தா என்னங்க, பொகை காத்தடிக்கற பக்கம் போகும்."

சிரித்தேன். ஆனால் உள்ளே கலக்கமாக இருந்தது. பஸ் மறுபடி கிளம்பியபோது ஓரத்து சீட்டை அவருக்கே கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். பள்ளத்தைப் பார்க்காமல் இருந்தால் பள்ளம் இல்லை என்று ஆகிவிடாது, இருந்தாலும்.

தம்பி வீடு தலைச்சோலையில். எங்கள் கிள்ளான் பக்கம் ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கும், இந்த முனையில் நின்றால் அந்த முனையில் யார் நடக்கிறார்கள் என்று தெரியும். இங்கே காப்பிச் செடி நிழலுக்குள் ஒளிந்து நிற்கிறது. அதன் மேல் சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக் கொடி, அதற்கும் மேல் மேகம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. நான் பிறந்து வளர்ந்த மலைதான். அப்போது இது எனக்கு உறுத்தியதாக நினைவில்லை.

தேவராஜுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது நான் கல்யாணமாகிப் போய்விட்டேன். அவன் பிறந்தபோதே அம்மா இறந்துவிட்டதால் அதுவரை நான்தான் அவனைத் தூக்கி வளர்த்தது. அடுத்த இரண்டு வருடத்தில் அப்பாவும் போய்விட்டார். தந்தி வந்தபோது எனக்கு நிறைமாதம், வர முடியவில்லை. சேலத்துப் பெரியம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போய் வளர்த்தார். இப்போது பெரியம்மாவும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய என் பெட்டியை வாங்கிக்கொண்டவனுக்கு இருபத்தொன்பது வயது, முன்மண்டையில் முடி இல்லை.

"வாங்கக்கா, பஸ்சுல நொம்பக் கஷ்டமாப் போச்சுங்களா?" என்றான். குரல் அப்பாவுடையது. அதனால் இன்னும் ஜாக்கிரதையானேன்.

அவன் மனைவி எஸ்தர் ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தாள். சமையலறை மூலையில் உப்பு மூட்டை, பெரிய டின்னில் ராகி, அட்டைப் பெட்டி நிறையத் தீப்பெட்டி. கடை ஏதும் வைக்கப் போகிறார்களா என்று கேட்டேன்.

"உபத்திரவ காலத்துக்குங்க" என்றாள். "அந்திக்கிறிஸ்து வந்தான்னா நெத்தியில முத்திரை இல்லாதவங்களுக்குக் கடையில ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. நாம ஏழு வருசம் தாக்குப்பிடிக்கோணுமில்லீங்களா?"

"நாம எங்கடி இருக்கப் போறோம்?" என்றான் தேவராஜ். "அதுக்கு முன்னாடியே இரகசிய வருகையில சபையை எடுத்துக்குவாரு. உபத்திரவமெல்லாம் விடப்பட்டவங்களுக்கு."

"சரி, நீங்க போயிருங்க. போறப்ப மட்டும் ரேசன் கார்டை வெச்சுட்டுப் போங்க."

அவள் பிறந்த வீட்டுச் சபை வேறு. விசுவாசிகளும் உபத்திரவத்தின் வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும் என்பது அவர்கள் பாடம். கல்யாணத்துக்கு முன்பு இதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லையாம். ஜாதகம் பார்க்கிறவர்கள் பரவாயில்லை என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஒரே வீட்டில் ஒருத்தர் பறந்து போகவும் ஒருத்தர் பட்டினி கிடக்கவும் தயாராக இருந்தார்கள். களி நன்றாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. தம்பியோடு அவன் இப்போது போகிற ஜெபவீட்டுக்குப் போனேன். தகரக் கொட்டகை. முன்னால் ஒரு துணியில் படம் தொங்கியது. கல்லறைகள், மேகம், ஏழு வருடத்துக்கு ஒரு கோடு, ஆயிரம் வருடத்துக்கு ஒரு கோடு, நடுவில் அம்புக்குறிகள். துணி மல், நாலு கெஜம் இருக்கும், கீழே ஓரம் மடித்துத் தைக்கவே இல்லை. ஆயிரம் வருடத்துக்குத் திட்டம் வைத்திருக்கிறவர்கள் ஓரத்தைக்கூடத் தைக்கவில்லையே என்று நினைத்தேன். படத்தில் கல்லறையிலிருந்து எழுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். தேவராஜ் அந்தப் படத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். குற்றமுள்ள நெஞ்சு என்று எடுத்துக்கொண்டேன். அவன் பையிலிருந்து இன்ச் டேப்பின் நுனி எட்டிப் பார்த்தது. எதை அளக்கிறான்?

திங்கட்கிழமை காலை செம்மநத்தம் ரோட்டில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அந்த ரோட்டில் எதிரே ஒரு ஜீப் வந்தால் ஒருவர் செடிக்குள் ஏற வேண்டியதுதான். கல்லறைகள் இருபதுக்கு மேல், சரிவில் படி வெட்டியது போல. எல்லாச் சிலுவையும் மேற்கு முனையில். கடைசியாக அப்பாவுடையது, கிழக்கு முனையில், பாசி படர்ந்து. வகுப்பில் எல்லோரும் முன்னால் பார்க்க ஒரு பையன் மட்டும் திரும்பி உட்கார்ந்த மாதிரி. அதுவரை தம்பி சொன்னதையே நம்பாமல் இருந்தேன். அது நிஜம்தான்.

பழைய சபையின் போதகர் ஸ்கூட்டரில் வந்தார். இளவயது, சளிபிடித்த குரல். இடம் அவர்கள் சபையுடையது என்பதால் கமிட்டி அனுமதி வேண்டும், அதற்குத்தான் என் கையெழுத்து.

"ஐயா, நீங்களும் வருகை சமீபம்னுதான் சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"ஆயிர வருசங்கறது காலண்டர்ல கிழிக்கற வருசமில்லீங்கம்மா. அது ஒரு அடையாளம். ஆண்டவர் இப்பவே ஆட்சி பண்ணிட்டுத்தான் இருக்கறாரு."

"இப்பவேயா? இப்படியா?"

அவர் இருமினார்.

"அப்ப எதுக்கு எல்லாரையும் கிழக்க பாத்துப் படுக்க வெச்சிருக்கீங்க?"

"அது வழக்கமுங்கம்மா. எப்படி வெச்சாலும் எழுப்பத் தெரிஞ்சவருக்குத் திருப்பத் தெரியாதுங்களா? ஆனா உங்க தம்பி மூணு தடவை மனு குடுத்துட்டாரு. கமிட்டிக்கும் அலுத்துப் போச்சு."

அலுத்துப்போய் அனுமதி கொடுக்கிற கமிட்டியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ் வரவில்லை. நடந்தோம். பாதி வழியில் மழை பிடித்தது. ஒரு எஸ்டேட் கேட்டின் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"இடத்தை யாருக்குடா குடுக்கப் போற? உண்மையச் சொல்லு."

"எந்த இடமுங்க்கா?"

"அப்பா இடத்தை. டேப் வெச்சு அளந்திருக்கியே."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"பொட்டி திரும்பறதுக்கு அகலம் போதுமான்னு அளந்தனுங்க்கா. பக்கத்துக் கல்லறை இடிக்கக் கூடாதில்லீங்களா." கூரை ஒழுகிய இடத்திலிருந்து என்னைத் தள்ளி நிற்க வைத்தான். "அப்பாவை எறக்கறப்ப என்னைய யாரோ தோள்ல தூக்கி வெச்சிருந்தாங்க. கூட்டம். எனக்கு ஒண்ணுமே தெரியல. பொறவு இந்த வசனமெல்லாம் படிச்ச பொறவுதான் சிலுவை மாறி நிக்கறதைக் கவனிச்சன். எக்காளம் ஊதுது, எல்லாரும் எந்திரிக்கறாங்க, அப்பா மட்டும் அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கறாரு. நான் ஓடிப் போயித் தோளைத் தொட்டுத் திருப்பிரலாமுன்னா, எல்லாம் ஒரு இமைப்பொழுதுலன்னு போட்டிருக்குதுங்க. அதுக்குள்ள நான் எப்படிங்க்கா ஓடறது?"

ஐந்து வயதில் விட்டுவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு அவன் எதற்கெல்லாம் ஓடினான் என்று எனக்குத் தெரியாது. சட்டையில் நனையாத இடமாகப் பார்த்துக் காகிதத்தை அவன் முதுகிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மேகம் இறங்கியிருந்தது. ஜெபவீட்டிலிருந்து ஆறு பேர் மண்வெட்டியோடு வந்து பாட்டுப் பாடினார்கள். போதகர் குடை பிடித்துத் தள்ளி நின்றார். எஸ்தர் கேனில் காப்பி கொண்டுவந்தாள். காப்பி விளைகிற மலையில் காப்பி என்னவோ சிக்கரித் தண்ணீராகத்தான் இருந்தது. தோண்டவும், பிறகு மேடை கட்டிப் பூசவும் கமிட்டி சொல்லி அனுப்பியிருந்த மேஸ்திரி குப்பனூரிலிருந்து வரவேண்டும். பஸ் தாமதம். அவர் வருவதற்குள் ஆரம்பித்துவிடலாம் என்று ஒருவர் முதல் வெட்டை ஓங்கும்போது சரிவில் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் கரண்டிப் பை, கழுத்தில் செபமாலை.

"ஏனுங்க, மம்பட்டியக் கீழ வைங்க. கூலிக்கு ஆளு வந்துட்டு இருக்கறப்ப நீங்களே வெட்டுனா எப்படிங்க?" என்று மூச்சு வாங்கினார். பெயர் ஆரோக்கியம், பூசைக்குப் போகிற சபை. "ஆமா, எதுக்குங்க ரைட்டரய்யாவத் தோண்டறீங்க?"

எங்கள் அப்பா எஸ்டேட்டில் ரைட்டர், ஆள் வருகை பதிகிறவர். தம்பி விஷயத்தைச் சொன்னான். ஆரோக்கியம் கேட்டார், சிலுவையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இங்க ரைட்டரய்யா தலை இல்லீங்க. இங்க கெடக்கறது காலு."

ஆரோக்கியம் கரண்டிப் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"தலைமாட்டுக் கயித்தை நான்தானுங்க புடிச்சன். தலை மேக்காலதான். இந்தச் சிலுவையும் அடுத்த வருசம் நான் நட்டதுதானுங்க. எங்க ஊருல கால்மாட்டுலதான் நடுவோம். எந்திரிச்சு உக்காந்தா மொத மொதல்ல சிலுவைதான் கண்ணுல படோணுமுன்னு. உங்க சபையில தலைமாட்டுல வெப்பாங்கன்னு எனக்கு யாரு சொன்னாங்க? அப்ப இருந்த கமிட்டிக்காரரு வஞ்ச வசவு இருக்குதே, அவரும் இப்ப இல்லீங்க! அதுக்கப்பறம் இன்னிக்குத்தான் என்னையக் கூப்புட்டிருக்கறாங்க."

தேவராஜ் பக்கத்துக் கல்லறை மேடையில் பொத்தென்று உட்கார்ந்தான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. ஜெபவீட்டுக்காரர்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

நான் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் முன்னால் பிடித்த கயிறு எந்தப் பக்கக் கயிறு என்று எனக்கே நினைவிருக்காது. இவருக்கு எப்படி? போதகர் தலையாட்டுகிறாரே, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா?

"சத்தியம் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன்.

"சத்தியம் பண்ணக்கூடாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்கறாருங்களே. உங்க வேதத்துல அந்தப் பக்கம் இல்லீங்களா?"

"அப்ப தோண்டியே பாத்துரலாம்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது. தோண்டக்கூடாது என்பதற்காகக் கடல் தாண்டி வந்தவள் நான். தேவராஜ் நிமிர்ந்து பார்த்தான். "வேண்டாமுங்க்கா" என்றான். "எனக்கு இவரு சொன்னது போதும்."

"உனக்குப் போதும். யார் என்ன சொன்னாலும் உனக்குப் போதும்."

ஆரோக்கியம் கோபிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றார். "அம்மிணி, ரோசனை பண்ணிப் பாருங்க. ஆமா, மாத்தித்தான் வெச்சுட்டமுன்னு நான் சொல்லியிருந்தா எனக்கு நாலு நாள் வேலை. தோண்டோணும், மூடோணும், மேடை கட்டோணும், சிலுவையப் புடுங்கி நடோணும். இல்லீன்னு சொன்னதுக்கு எனக்கு என்ன கெடைச்சுது? குப்பனூருக்குத் திரும்பிப் போற பஸ்சு."

அதற்குமேல் எனக்குச் சந்தேகப்பட வழி தெரியவில்லை. விசுவாசத்தைப் பற்றி மூன்று நாளாக மூன்று விதமாகக் கேட்டும் அசையாத மனசு, ஒரு மனிதர் தன் கூலியை இழந்து பேசுகிறார் என்றதும் இறங்கி வந்தது.

சிலுவையை மட்டுமாவது மேற்கே மாற்றிவிட்டால் மற்றதோடு வரிசைக்கு வந்துவிடும் என்றார் போதகர். வேண்டாம் என்றேன். அப்பா ஆள் முகத்தைப் பார்க்காமல் வருகை பதிய மாட்டார். மழையில் முக்காடு போட்டு வருகிறவர்களைக்கூட முக்காட்டை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். எழுந்ததும் எதிரே சிலுவை நிற்கட்டும், வந்திருப்பது யார் என்று பார்த்துத் தெளிந்துகொள்வார். காகிதத்தை வாங்கி என் கையெழுத்துக்குக் கீழே "தோண்ட வேண்டாம்" என்று எழுதினேன். எழுதி வருடக்கணக்காகிவிட்டதால் எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. உதிர்ந்த பூச்சை ஆரோக்கியம் அன்று மாலைக்குள் பூசிவிட்டார்.

புதன்கிழமை ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குத் தேவராஜ் வந்தான். மெயின் ரோட்டைச் சரிசெய்துவிட்டார்கள். எஸ்தர் பழமும் காப்பித்தூளும் கட்டிக் கொடுத்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவன் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். நேற்று அவ்வளவு நிம்மதியாக இருந்த முகத்தில் மறுபடி ஏதோ ஓடியது. அந்த முகம் எனக்குப் பழக்கம். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

"என்ன சாமி?"

"ஒண்ணுமில்லீங்க்கா. அப்பா அந்த நாள்ல எந்திரிச்சா, என்னைய அடையாளம் தெரியுமுங்களா? அப்ப எனக்கு ஏழு வயசு. இப்பப் பாருங்க, முடியெல்லாம் கொட்டிப் போச்சு."

"எதிர்க்கப் போய் நில்லு கண்ணு. மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சுக்குவாரு."

யோசித்தான். டிரைவர் ஏறி இன்ஜினைக் கிளப்பினார்.

"அப்பாவுக்கு எதிர்க்க நின்னா, ஆண்டவருக்கு நான் முதுகைக் காட்டோணுமேங்க்கா?"

பஸ் நகர்ந்தது. அவன் கூடவே நாலு எட்டு வந்தான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான், தலையை நீட்டிக் கத்தினேன்.

"காட்டு சாமி! அவரும் ஒரு அப்பாவுக்கு மகன்தானே!"